வீட்டுக்கடன் நிறுவனம் அனுப்பிய வரவேற்புப் பெட்டி: விளக்கு வந்தது, ஆவணப் பட்டியல் வரவில்லை

2024 நவம்பரில், தாம்பரத்தை அடுத்த மாடம்பாக்கத்தில், 2009இல் கட்டி முடிக்கப்பட்ட ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில், இரண்டு படுக்கையறை கொண்ட வீடு ஒன்றை நானும் என் கணவரும் வாங்கினோம். விலை 55 லட்சம் ரூபாய். அதில் 42 லட்சத்தை ஒரு வீட்டுக்கடன் நிறுவனத்திடம் 20 ஆண்டுத் தவணையில் கடனாகப் பெற்றோம். கிரையம் பதிவாகி, வரைவோலை வீட்டை விற்றவரின் கைக்குப் போய்ச் சேர்ந்த ஒன்பதாம் நாள், அந்த நிறுவனத்திடமிருந்து கூரியரில் ஒரு பெட்டி வந்தது. 'உங்கள் புதிய இல்லத்துக்கு நல்வரவு' என்று மேலே பொன்னிற எழுத்தில் அச்சிடப்பட்டிருந்தது. இப்போதெல்லாம் பல கடன் நிறுவனங்களும் சில வங்கிகளும் இத்தகைய பெட்டியையோ கோப்புறையையோ அனுப்புகின்றன. விழாக்காலச் சலுகை விளம்பரங்களில் இதையும் ஒரு காரணமாகச் சொல்லிக் கடனுக்கு ஆள் சேர்க்கிறார்கள். ஆகவே, வீடு வாங்கவிருக்கும் பிறருக்குப் பயன்படக்கூடும் என்று, ஓராண்டுக்கு மேல் அந்தப் பெட்டியோடும் அதை அனுப்பியவர்களோடும் பழகிய பிறகு இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. நான் சொல்லப்போகும் குறை அந்த ஒரு நிறுவனத்தோடு நிற்பதன்று என்பது, கடன் வாங்கிய உறவினர்களையும் அக்கம்பக்கத்தாரையும் விசாரித்ததில் தெரிந்தது.

முதலில் பெட்டிக்குள் இருந்தவற்றைச் சொல்கிறேன். அரை அடி உயரமுள்ள பித்தளைக் காமாட்சி விளக்கு ஒன்று, குங்குமச் சிமிழ், கால் கிலோ முந்திரி, சுவரில் பொருத்தும் சாவி மாட்டி, சிறு பீங்கான் தொட்டியில் ஒரு மணி பிளாண்ட், திரைச்சீலைக்கும் மாடுலர் கிச்சனுக்குமான தள்ளுபடிக் கூப்பன்கள், ஒரு காப்பீட்டுத் துண்டறிக்கை, இவற்றோடு நீல நிற அட்டைக் கோப்புறை ஒன்று. கடைவிலையில் எல்லாம் சேர்ந்து இரண்டாயிரம், இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் பெறும் என்பது என் கணிப்பு.

விளக்கு நல்ல கனமான வார்ப்பு. எண்ணெய் கசியவில்லை, திரி நிற்கும் மூக்கும் சரியாக வார்க்கப்பட்டிருந்தது. ஆனால் அதன் அடித்தட்டின் முன்பக்கத்தில் நிறுவனத்தின் சின்னம் பெரிதாகப் பொறிக்கப்பட்டிருந்தது. பால் காய்ச்சும் நாளன்று என் அம்மா அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "கடன் கொடுத்தவங்க பேரை முன்னால வெச்சு எப்படிம்மா விளக்கேத்தறது?" என்று கேட்டார், தாம் கொண்டுவந்திருந்த குத்துவிளக்கையே ஏற்றினார். அம்மா சொன்னதில் நியாயம் இருந்தது. புது வீட்டில் முதன்முதலாக ஏற்றும் விளக்கு தாய்வீட்டிலிருந்து வர வேண்டும் என்று கருதும் குடும்பங்கள் இங்கே ஏராளம். விளக்கைப் பரிசாகத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு அந்த வழக்கம் தெரிந்திருக்கிறது. அந்த விளக்கில் விளம்பரம் இருக்கக் கூடாது என்பது மட்டும் தோன்றாமல் போயிருக்கிறது. சின்னத்தை அடிப்புறத்தில் பொறித்திருந்தால் அது இன்று எங்கள் பூசை அலமாரியில் இருந்திருக்கும். இப்போது கூடத்து அலமாரியில் அலங்காரப் பொருளாக இருக்கிறது.

முந்திரி தரமானது. சாவி மாட்டி நாள்தோறும் பயன்படுகிறது. செடி கூரியரில் வாடி வந்தாலும் இரண்டு வாரத்தில் தழைத்துவிட்டது. திரைச்சீலைக் கூப்பனால் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் மிச்சமாயிற்று. மாடுலர் கிச்சன் கூப்பன், குறைந்தது இரண்டு லட்சம் ரூபாய்க்கு வேலை கொடுத்தால்தான் செல்லும் என்பதால் அதைப் பயன்படுத்தவில்லை. வீட்டுக்கு முன்பணம் கொடுத்துக் கை காலியாக இருக்கும் மாதத்தில் அத்தகைய கூப்பன் எவருக்கும் உதவாது.

பெட்டியின் மேல் எழுதியிருந்த பெயர் குறித்தும் சொல்ல வேண்டும். கிரையப் பத்திரத்தில் முதல் பெயர் என்னுடையது. கடன் விண்ணப்பத்திலும் நானே முதன்மைக் கடன்தாரர். பள்ளியில் வணிகவியல் கற்பிக்கும் என் சம்பளத்தை வைத்தே கடனின் பெரும்பகுதி கணக்கிடப்பட்டது. பெட்டியும் வரவேற்புக் கடிதமும் என் கணவரின் பெயருக்கு மட்டும் வந்தன. நல்வரவு சொல்ல அனுப்பிய பெட்டியில் வீட்டின் உரிமையாளருடைய பெயர் விடுபட்டதைச் சிறிய பிழை என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. தெரிவித்த பிறகு மாற்றுக் கடிதம் வந்தது.

இனிக் காப்பீட்டுத் துண்டறிக்கை. 'உங்கள் குடும்பத்துக்கு எங்கள் அன்புப் பரிசு' என்ற தலைப்பின் கீழ், கடன்தாரர் இறந்துவிட்டால் மீதிக் கடனை அடைக்கும் ஆயுள் காப்பீடு பற்றி அதில் எழுதியிருந்தார்கள். பரிசு என்று சொல்லப்பட்டாலும் அதற்கு ஒரே தவணையில் பிரீமியம் உண்டு. ஒப்புதல் கட்டத்திலேயே இதை எங்கள் கடனோடு சேர்க்க முயன்றார்கள். சற்றேறக்குறைய ஒரு லட்சம் ரூபாய். அதைக் கண்டுபிடிக்க உதவியது முக்கிய விவர அறிக்கை. 2024 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் வழங்கப்படும் புதிய சில்லறைக் கடன்கள் அனைத்துக்கும், ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன்பே, கடன்தாரருக்குப் புரியும் மொழியில் இந்த அறிக்கையைத் தர வேண்டும். வட்டி, பரிசீலனைக் கட்டணம், நிறுவனம் பிறருக்காக வசூலிக்கும் காப்பீட்டு மற்றும் சட்டக் கட்டணங்கள் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்ட ஆண்டுச் சதவீத விகிதம் அதில் இருக்கும். அதில் குறிப்பிடாத கட்டணத்தைக் கடன்தாரரின் வெளிப்படையான சம்மதமின்றிப் பின்னர் வசூலிக்க முடியாது. நாங்கள் தமிழில் கேட்டோம். இரண்டு நாளில் தந்தார்கள். மொழிபெயர்ப்பு தெளிவாகவே இருந்தது. அந்த நிறுவனத்திடம் நான் மனமாரப் பாராட்டுவது அந்தத் தமிழ் அறிக்கையைத்தான்.

அதில் காப்பீட்டுத் தொகை தனி வரியாக இருந்ததைப் பார்த்து, இது கட்டாயமா என்று எழுத்தில் கேட்டோம். கட்டாயமில்லை என்று பதில் வந்தது, நீக்கச் சொன்னோம், நீக்கினார்கள். கடன் சுமக்கும் குடும்பத்துக்கு ஆயுள் காப்பீடு வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. தனியாக ஒரு டேர்ம் பாலிசி எடுத்திருக்கிறோம். ஆனால் ஒரு லட்சம் ரூபாய் பிரீமியத்தைக் கடனோடு சேர்த்தால், 8.75 சதவீத வட்டியில் மாதத் தவணை 884 ரூபாய் கூடும். 20 ஆண்டில் அந்த ஒரு லட்சத்துக்கு 2 லட்சத்து 12 ஆயிரம் ரூபாய் கட்டி முடித்திருப்போம். இந்தக் கணக்கு துண்டறிக்கையில் இல்லை. கவனிக்காமல் கையெழுத்திட்டு, பாலிசி வந்த பிறகு விழித்துக்கொள்பவர்களுக்கும் வழி இருக்கிறது: 2024இல் வந்த காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிகளின்படி, பாலிசி கைக்கு வந்த 30 நாளுக்குள் அதைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

விளக்கு, முந்திரியைக் காட்டிலும் நீலக் கோப்புறையின்மேல் நான் அதிக எதிர்பார்ப்பு வைத்திருந்தேன். வரவேற்புக் கடிதம், ஒப்புதல் கடிதத்தின் நகல், 240 மாதங்களுக்கான தவணை அட்டவணை, வாடிக்கையாளர் சேவை எண் ஆகியவை அதில் இருந்தன. தவணை அட்டவணையை அச்சிட்டுக் கொடுத்தது நல்ல செயல். எங்கள் மாதத் தவணை 37,116 ரூபாய். முதல் மாதத்தில் அதில் 30,625 ரூபாய் வட்டிக்கும், 6,491 ரூபாய் மட்டுமே அசலுக்கும் போகிறது என்பதைக் கண்ணால் பார்க்கும்போதுதான், ஆண்டுக்கு ஒருமுறையாவது கூடுதலாக அசலைக் கட்ட வேண்டும் என்ற உறுதி பிறக்கிறது. மாறும் வட்டியில் தனிநபர் எடுக்கும் வீட்டுக்கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதக் கட்டணம் இல்லை என்ற வரியையும் அதே பக்கத்தின் அடியில் அச்சிட்டிருக்கலாம். அந்த உரிமையை அறியாதவர்கள் எங்கள் ஆசிரியர் அறையிலேயே பலர் இருக்கிறார்கள்.

கோப்புறையில் இல்லாதது ஆவணப் பட்டியல். கடன் வாங்கியவர்கள் பேச்சில் எல்.ஓ.டி. என்று சொல்வது இதைத்தான்: நம்மிடமிருந்து எந்தெந்த மூலப் பத்திரங்களை வாங்கி வைத்திருக்கிறார்கள் என்று ஆவண எண், ஆண்டு, பக்க எண்ணிக்கையோடு எழுதி, நிறுவனம் கையெழுத்தும் முத்திரையும் இட்டுத் தர வேண்டிய தாள். வீட்டுக்கடனில் நாம் அடமானமாகக் கொடுப்பது அந்தப் பத்திரங்களைத்தான். 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம் பிரிவு 58, உரிமைப் பத்திரங்களை ஒப்படைப்பதையே ஒருவகை அடமானமாக ஏற்கிறது. தமிழ்நாட்டில் அந்த ஒப்படைப்பை எம்.ஓ.டி. என்ற ஆவணமாகச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவும் செய்கிறோம். கடன் தொகையில் அரை சதவீதம் முத்திரைத் தீர்வை. எங்களுக்கு அது மட்டும் 21,000 ரூபாய் ஆயிற்று. இவ்வளவு செலவிட்டு ஒப்படைக்கும் பத்திரங்களுக்கு ஒரு ரசீது தருவது, பால் பாக்கெட்டுக்கு ரசீது தரும் இந்தக் காலத்தில் பெரிய எதிர்பார்ப்பாகாது.

கிளைக்குப் போய்க் கேட்டபோது, "பத்திரமெல்லாம் சென்ட்ரல் வால்ட்டுக்குப் போயிருக்கு மேடம், அங்க ஸ்கேன் பண்ணி முடிச்சதும் மெயில்ல வரும்" என்றார் அங்கிருந்த இளைஞர். மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் எப்போது வரும் என்று அவரால் சொல்ல இயலவில்லை. ஆறு வாரத்தில் நான்கு முறை போனேன். ஐந்தாவது வாரம் எழுத்துமூலம் புகார் கொடுத்த பிறகே பட்டியல் மின்னஞ்சலில் வந்தது. வந்த பட்டியலில் எங்கள் 2024ஆம் ஆண்டுக் கிரையப் பத்திரம் இருந்தது. ஒதுக்கீட்டுக் கடிதமும் கட்டுமான ஒப்பந்தமும் இருந்தன. எங்களுக்கு விற்றவரின் 2009ஆம் ஆண்டு மூலக் கிரையப் பத்திரம் இல்லை.

அந்த ஒரு வரி விடுபட்டதால் என்ன ஆகும் என்பதை எங்கள் குடியிருப்பிலேயே கண்கூடாகப் பார்த்தேன். இரண்டாவது மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற பெரியவர், வேறொரு நிறுவனத்திடம் வாங்கிய கடனை முழுதும் அடைத்தபோது, வீட்டின் முந்தைய உரிமையைக் காட்டும் தாய்ப்பத்திரம் ஒன்று திரும்ப வரவில்லை. அவரிடம் ஆவணப் பட்டியல் கிடையாது. கொடுத்ததை நிரூபிக்கத் தாளேதும் இல்லை. நிறுவனம், அப்படி ஒரு பத்திரம் எங்களிடம் வரவே இல்லை என்றது. சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கலாம். ஆனால் மூலப் பத்திரம் இல்லாத வீட்டை விற்கப் போனால், வாங்குபவரின் வழக்கறிஞர் காவல் நிலையப் புகாரும் நாளிதழ் விளம்பரமும் கேட்பார். எழுபது வயதைக் கடந்த அவர் அந்த அலைச்சலை அலைந்துகொண்டிருக்கிறார்.

ரிசர்வ் வங்கி இதற்கு ஒரு தீர்வு தந்திருக்கிறது. 2023 செப்டம்பர் 13 அன்று வெளியிட்ட உத்தரவின்படி, கடன் முழுதும் தீர்ந்த 30 நாளுக்குள் மூலப் பத்திரங்கள் எல்லாவற்றையும் திருப்பித் தர வேண்டும்; தாமதம் நிறுவனத்தின் பக்கம் என்றால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 5,000 ரூபாய் இழப்பீடு கொடுக்க வேண்டும். பத்திரம் தொலைந்துபோனாலோ சேதமுற்றாலோ, மாற்று நகல் பெற உதவுவதும் அதன் செலவை ஏற்பதும் நிறுவனத்தின் கடமை. அதற்காக இன்னும் 30 நாள் அவகாசம் உண்டு. திருப்பித் தரும் காலத்தையும் இடத்தையும் ஒப்புதல் கடிதத்திலேயே எழுத வேண்டும் என்றும், கடன்தாரர் இறந்துவிட்டால் வாரிசுகளிடம் ஒப்படைக்கும் நடைமுறையை வகுத்து வைக்க வேண்டும் என்றும் அதே உத்தரவு சொல்கிறது. 2023 டிசம்பர் 1 முதல் திருப்பித் தர வேண்டியவை அனைத்துக்கும் இது பொருந்தும். இவ்வளவு வலுவான உத்தரவும், பத்திரத்தைக் கொடுத்ததற்குச் சான்று இருந்தால்தான் நமக்குக் கைகொடுக்கும்.

எங்களுக்குக் கைகொடுத்தது எம்.ஓ.டி.யின் நகல். பதிவுக்குக் கொண்டுபோன அந்த ஆவணத்தில், ஒப்படைக்கப்படும் பத்திரங்களின் அட்டவணை எழுதப்பட்டிருக்கும். எங்களுடையதில் மூன்றாவது வரியாக 2009ஆம் ஆண்டுக் கிரையப் பத்திரம் எண்ணோடு இருந்தது. அந்தப் பக்கத்தை இணைத்து மீண்டும் எழுதினேன். பத்து நாளில் திருத்திய பட்டியல் முத்திரையோடு வந்தது. பதிவு நாளன்று அலுவலக வாசலிலேயே எம்.ஓ.டி.யை ஒரு நகல் எடுத்து வைக்கச் சொன்னவர் ஆவண எழுத்தர். அவருக்கு எங்கள் குடும்பம் நன்றிக்கடன் பட்டிருக்கிறது.

கோயம்புத்தூரில் இருக்கும் என் அக்காவும் அத்தானும் 2022இல் ஒரு வங்கியில் வீட்டுக்கடன் வாங்கினார்கள். அவர்களுக்கு விளக்கும் முந்திரியும் வரவில்லை. கிளை மேலாளர் அழைத்து, சாதாரண காகித உறையில் மூன்று தாள்கள் கொடுத்தார்: தவணை அட்டவணை, கையெழுத்திட்ட ஆவணப் பட்டியல், வட்டி எப்படி மாறும் என்று விளக்கும் ஒரு பக்கம். அந்த உறையை நான் நேரில் பார்த்தேன். எங்கள் பெட்டியைவிட அது மேலானது என்று தயக்கமின்றிச் சொல்வேன். மூன்றாவது தாளின் அருமை 2025இல் தெரிந்தது. பிப்ரவரியிலும் ஏப்ரலிலும் கால் கால் சதவீதமும், ஜூனில் அரை சதவீதமுமாக, ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டியான ரெப்போ விகிதம் 6.50இலிருந்து 5.50 ஆகக் குறைந்தது. வங்கிகள் 2019 அக்டோபர் 1 முதல் வழங்கும் மாறும் வட்டி வீட்டுக்கடன்கள், ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு இணைக்கப்பட்டவை. மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது வட்டியை மாற்றியமைக்க வேண்டும். ஆகவே அக்காவின் வட்டி தானாகவே முழுதாக ஒரு சதவீதம் இறங்கியது. வீட்டுக்கடன் நிறுவனங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அவை தாமே வகுத்த அடிப்படை விகிதத்தைப் பின்பற்றலாம். எங்கள் வட்டி அதே காலத்தில் 0.35 சதவீதம் மட்டுமே குறைந்தது. புதிய வாடிக்கையாளருக்குத் தரும் விகிதத்துக்கு மாற வேண்டுமானால் மாற்றுக் கட்டணம் கட்டலாம் என்பதைக்கூட நாங்களே கேட்டுத்தான் தெரிந்துகொண்டோம். நீலக் கோப்புறையின் பளபளப்பான எட்டுப் பக்கங்களில் இதற்கு நான்கு வரி ஒதுக்கியிருக்கலாம்.

இந்தப் பரிசின் விலையை யார் கொடுத்தார்கள் என்ற கேள்வியும் எழும். எங்கள் பரிசீலனைக் கட்டணம் கடன் தொகையில் அரை சதவீதம், அதாவது 21,000 ரூபாய். அதன்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேர்ந்து 24,780 ரூபாய். விழாக்காலத்தில் இந்தக் கட்டணத்தைப் பாதியாகக் குறைக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. பெட்டியா, கட்டணத்தில் குறைப்பா என்று கேட்கும் வாய்ப்புக் கிடைத்தால், வீடு வாங்குபவர்கள் குறைப்பையே கேளுங்கள். வட்டியில் பத்தில் ஒரு பங்கு சதவீதம் குறைந்தாலே எங்கள் கடனில் முதல் ஆண்டிலேயே ஏறக்குறைய நாலாயிரம் ரூபாய் மிச்சமாகும். அது அந்தப் பெட்டியில் இருந்த பொருள்களின் விலையைவிட அதிகம்.

ஆனாலும் பெட்டியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாடகை வீடுகளில் பதினோரு ஆண்டு இருந்துவிட்டு, சொந்த வீட்டின் கதவைத் திறந்த அந்த வாரத்தில், வாசலில் ஒருவர் வந்து பெட்டியைக் கொடுத்தபோது எங்கள் மகள் அடைந்த மகிழ்ச்சி உண்மையானது. அவளே அந்தச் செடிக்கு நாள்தோறும் தண்ணீர் ஊற்றுகிறாள். பெட்டியை அடுக்கியவர்கள் வீட்டை நினைத்தார்கள்; கடனையும் நினைத்திருந்தால் குறை சொல்ல ஏதும் இருந்திருக்காது.

சென்ற மாதம் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்குத் தமிழில் இரண்டு பக்கக் கடிதம் அனுப்பினேன். விளக்கின் சின்னத்தை அடிப்புறத்துக்கு மாற்றுவது, முதன்மைக் கடன்தாரரின் பெயரைப் பெட்டியில் எழுதுவது, காப்பீட்டுத் துண்டறிக்கையிலிருந்து 'பரிசு' என்ற சொல்லை எடுப்பது, முத்திரையிட்ட ஆவணப் பட்டியலையும் வட்டி மாறும் முறையையும் கோப்புறையின் முதல் இரண்டு தாள்களாக வைப்பது ஆகிய நான்கையும் கேட்டிருக்கிறேன். கடிதம் கிடைத்தது என்றும், ஆவணப் பட்டியல் பற்றிய கோரிக்கை வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு அனுப்பப்பட்டிருக்கிறது என்றும் பதில் வந்துள்ளது. எங்கள் குடியிருப்பின் முதல் மாடியில் ஒரு வீடு விலைபேசி முடிந்திருக்கிறது. வாங்கும் குடும்பம் கடனுக்கு அணுகியிருப்பது இதே நிறுவனத்தைத்தான். அவர்களுக்கு வரும் கோப்புறையைத் திறந்து பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.